ஆரஞ்சுத் தோல் பொடியும் டாமாக்சிபென் மாத்திரையும்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்துவிட்டன. இப்போது, ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் வேலையை மார்பகத்தில் தடுத்து நோய் திரும்பாமல் காக்கும் டாமாக்சிபென் மாத்திரை மட்டும் சாப்பிடுகிறார். எலுமிச்சைத் தோல் கீமோவைவிட 10,000 மடங்கு வலிமையானது என்ற வாட்ஸ்அப் செய்தியை உறவினர் ஒருவர் அனுப்பியிருக்கிறார். அதை நம்பி, கமலா ஆரஞ்சுத் தோலை வெயிலில் உலர்த்திப் பொடித்து, தினமும் காலையில் ஒரு தேக்கரண்டி வீதம் வெந்நீரில் கலந்து பத்து நாட்களாக அவருக்குக் கொடுத்து வருகிறீர்கள். இதைத் தொடரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. தோலில் புற்றுசெல்லைத் தாக்கக்கூடிய பொருள் இருக்கிறதா என்பது முதலாவது. அது மனித உடம்புக்குள் போன பிறகும் அந்த வேலையைச் செய்கிறதா என்பது இரண்டாவது. இந்த மாத்திரையைச் சாப்பிடும் இந்த அம்மாவுக்கு இந்தப் பொடி நல்லதா என்பது மூன்றாவது. முதலாவதற்கு விடை ஆம். இரண்டாவதற்கு, இதுவரை கிடைத்த சான்று மிகவும் மெலிந்தது. மூன்றாவதற்கு என் விடை, வேண்டாம் என்பதே. முதல் விடையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் தாண்டிப் போய்விடுவதுதான் அந்த வாட்ஸ்அப் செய்தி செய்கிற வேலை.

நான் புற்றுநோய் மருத்துவன் அல்லன். மருந்தியல் படித்து, தாவரங்களிலிருந்து பிரித்தெடுக்கும் சேர்மங்களைப் புற்றுசெல்களின் மேல் சோதிக்கும் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் வேலை செய்து, பிறகு அதையே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன். ஆகவே தோலில் என்ன இருக்கிறது, அது எப்படி வேலை செய்கிறது, எந்தச் சோதனையை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதைப் பற்றி என்னால் உறுதியாகப் பேச முடியும். உங்கள் அம்மாவின் சிகிச்சை குறித்த முடிவு அவருடைய கோப்பைக் கையில் வைத்திருக்கும் மருத்துவருடையது.

ஆரஞ்சுத் தோலை மடக்கிப் பக்கத்துப் பையனின் கண்ணில் பீய்ச்சி அடித்து அழவைக்காத பள்ளிக்கூடமே இருக்காது. அப்போது தெறித்தது பெரும்பாலும் லிமோனீன் என்ற ஒரே சேர்மம்தான். தோலின் நிறமுள்ள மேற்பகுதியில் கண்ணுக்குத் தெரியும் புள்ளிகளாக இருக்கும் எண்ணெய்ப் பைகளில் இது நிறைந்திருக்கிறது. ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் லிமோனீனே. அதே மேற்பகுதியில், ஆவியாகாத வேறொரு கூட்டமும் உண்டு. நோபிலெட்டின், டான்ஜெரெட்டின் என்ற இரண்டும் அதில் முக்கியமானவை. சிட்ரஸ் இனத்துக்கு வெளியே இவற்றைக் காண்பது அரிது, சிட்ரஸ் பழங்களிலும் எளிதாக உரியும் கமலா வகைகளின் தோலில்தான் இவை தாராளமாக இருக்கின்றன. அதற்குக் கீழே உள்ள வெள்ளைப் பஞ்சுப் பகுதியில் ஹெஸ்பெரிடினும் பெக்டினும் இருக்கின்றன. எலுமிச்சையிலும் பம்பளிமாஸிலும் இவற்றோடு ஃபுரானோகூமரின் என்ற இன்னொரு வகையும் சேர்கிறது. 'தோல்' என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். மருந்தியல் கண்ணுக்கு அது குணத்தில் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத பல பொருள்கள் அடங்கிய ஒரு சரக்குக் கடை. உங்கள் கேள்விக்கான விடை முழுவதும் இதில்தான் தொங்குகிறது.

இந்தப் பொருள்கள் எல்லாமே ஆய்வகத்தில் புற்றுசெல்களின் வளர்ச்சியைக் குறைத்திருக்கின்றன. அது உண்மை. ஆனால் அந்த 'ஆய்வகத்தில்' என்ற சொல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு, அந்தச் செய்தி தரும் பரவசம் குறைந்துவிடும். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டு ஒன்றில் 96 குழிகள் இருக்கும். ஒவ்வொரு குழியிலும் சில ஆயிரம் புற்றுசெல்களை வளர்த்து, அதன்மேல் நம் சேர்மத்தை ஊற்றி, ஒன்றிரண்டு நாள் கழித்து மஞ்சள் சாயம் ஒன்றை விடுவோம். உயிருள்ள செல் அந்தச் சாயத்தை ஊதா நிறமாக மாற்றும். செத்த செல் மஞ்சளாகவே விட்டுவிடும். தட்டு மஞ்சளாக இருந்தால் மாணவருக்குக் கொண்டாட்டம். ஒருமுறை லிமோனீனைச் சரியாக நீர்க்கச் செய்யாமல் விட்ட மாணவர் ஒருவர், எல்லாச் செல்லும் செத்துவிட்டது என்று ஓடிவந்தார். தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன்; குழிகளின் அடிப்பகுதியே பனி படர்ந்த கண்ணாடி போல மங்கியிருந்தது. அந்தத் தட்டு பாலிஸ்டைரீனால் ஆனது, லிமோனீனோ பாலிஸ்டைரீனைக் கரைக்கும் நல்ல கரைப்பான். செல்லோடு சேர்ந்து தட்டும் செத்திருந்தது. பக்கத்துக் குழிகளில் மருந்தே ஊற்றாத செல்களும் வாடியிருந்தன, ஏனென்றால் லிமோனீன் எளிதில் ஆவியாகி அக்கம்பக்கத்துக் குழிகளுக்கும் போய்விடும். கவனமாகச் செய்த சோதனைகளில் இந்தக் குறைகள் இருக்காது என்பது சரிதான். எனினும் அவற்றிலும் ஒரு கேள்வி நிற்கும்: அதே அளவு ஊற்றினால் நல்ல செல்கள் பிழைக்கின்றனவா? மிளகு, மஞ்சள், சோப்புத் தண்ணீர் என்று எதைப் போதிய அளவு ஊற்றினாலும் தட்டில் இருக்கும் புற்றுசெல் சாகும். நோயாளியைச் சாகடிக்காமல் அதைச் சாகடிப்பதில்தான் மருந்து இருக்கிறது.

இனி லிமோனீன். தோலில் உள்ள பொருள்களில் மிகத் தீவிரமாகச் சோதிக்கப்பட்டது இதுதான் என்பதால் இதில் சற்று நேரம் செலவிடலாம். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கூல்டும் அவருடைய குழுவினரும் 1980களிலும் 1990களிலும் எலிகளில் செய்த சோதனைகள் உண்மையிலேயே வியக்கத்தக்கவை. வேதிப்பொருள் கொடுத்து மார்பகக் கட்டி வரவழைக்கப்பட்ட எலிகளுக்கு உணவில் லிமோனீன் கலந்து கொடுத்தபோது புதிய கட்டிகள் குறைந்தன. ஏற்கெனவே வந்திருந்த கட்டிகளும் பெரும்பாலும் சுருங்கின. இந்த வெற்றியை நம்பி லண்டனில் மனிதர்களிடம் சோதித்தார்கள். 1998இல் முடிவு வெளியானது. வேறு சிகிச்சை எதற்கும் கட்டுப்படாத புற்றுநோய் கொண்ட 32 பேருக்கு லிமோனீனைப் படிப்படியாக அளவு கூட்டிக் கொடுத்தார்கள். உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 8 கிராம் என்பதுதான் தாங்கக்கூடிய உச்ச அளவு என்று தெரிந்தது. அதற்கு மேல் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தாங்க முடியவில்லை. மார்பகப் புற்றுநோய் கொண்ட ஒரு பெண்ணுக்குக் கட்டி ஓரளவு சுருங்கி, அந்த நிலை 11 மாதம் நீடித்தது. குடல் புற்றுநோயாளிகள் மூவருக்கு நோய் சில மாதம் முன்னேறாமல் நின்றது. நம்பிக்கையோடு மேலும் பத்து மார்பகப் புற்றுநோயாளிகளுக்கு அதே 8 கிராம் அளவைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒருவருக்கும் கட்டி சுருங்கவில்லை. அந்த ஒரு பெண்ணின் கதை மட்டும் தனியாகக் கிளம்பி ஊர் சுற்றும். பத்துப் பேரின் கதை அந்த ஆய்வறிக்கைக்குள்ளேயே தங்கிவிடும்.

அந்த அளவு எவ்வளவு என்பதைச் சமையலறைக் கணக்கில் சொல்கிறேன். சராசரி உடலமைப்புள்ள பெண்ணுக்கு அது நாளொன்றுக்குச் சுமார் 13 கிராம் லிமோனீன். நல்ல ஆரஞ்சு ஒன்றின் தோலிலிருந்து முழுமையாகப் பிழிந்தாலும் ஒரு கிராம் எண்ணெய் கிடைப்பது கடினம். ஆக, ஒரு நாளைக்குக் குறைந்தது பதின்மூன்று பதினான்கு பழங்களின் எண்ணெய் முழுவதும் வேண்டும், அதுவும் ஒரு துளி ஆவியாகாமல். வெயிலில் உலர்த்திய பொடி ஒரு தேக்கரண்டியில் இருப்பதை இதோடு ஒப்பிடவே முடியாது.

அரிசோனா பல்கலைக்கழகத்தில் நடந்த அடுத்த கட்ட ஆய்வு இதைவிடச் சுவையானது, நேர்மையானதும்கூட. முழு எலுமிச்சையைத் தோலோடு அரைத்துச் செய்த எலுமிச்சைச் சாற்றில் சுமார் 500 மில்லிகிராம் லிமோனீன் இருந்தது. அதைக் குடித்தவர்களின் இரத்தத்தில் லிமோனீன் உடைந்து உண்டாகும் பெரில்லிக் அமிலம் விரைவிலேயே தென்பட்டது, தொடர்ந்து குடித்தவர்களின் கொழுப்புத் திசுவில் லிமோனீன் சேர்ந்தது. மார்பகம் பெரும்பகுதி கொழுப்புத் திசு என்பதால் இது கவனிக்க வேண்டிய செய்தி. 2013இல் அதே குழுவினர், தொடக்க நிலை மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டு அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த 43 பெண்களுக்கு 2 முதல் 6 வாரம் வரை நாளொன்றுக்கு 2 கிராம் லிமோனீன் கொடுத்த ஆய்வை வெளியிட்டார்கள். லிமோனீன் மார்பகத் திசுவில் போய்ச் சேர்ந்திருந்தது. செல் பெருக்கத்தைத் தூண்டும் சைக்ளின் டி1 என்ற புரதம் கட்டியில் 22 விழுக்காடு குறைந்திருந்தது. இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும்: இன்று மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் பால்போசிக்லிப் போன்ற மாத்திரைகள் தாக்குவது இதே சைக்ளின் டி1 கைகோத்து வேலை செய்யும் நொதிகளைத்தான். அதாவது இலக்கு சரியான இலக்கு. ஆனால் கட்டியின் செல்கள் உண்மையில் பெருகுவது குறைந்ததா, செல்கள் சாவது கூடியதா என்று பார்த்த அளவைகளில் சொல்லத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க, லிமோனீன் சாப்பிடாத மற்றொரு குழுவும் அந்த ஆய்வில் கிடையாது. மேற்கொண்டு ஆராய இது ஒரு நல்ல காரணம். அம்மாவுக்குக் கொடுக்க இது காரணமாகாது.

லிமோனீனின் நெருங்கிய உறவான பெரில்லில் ஆல்கஹாலையும் மருந்தாக்க முயன்றார்கள். மாத்திரையாகக் கொடுத்த சோதனைகள் மார்பகம், குடல், சினைப்பை என்று வரிசையாக ஏமாற்றம் தந்தன. பிரேசிலில் அதை மூக்கின் வழியே உள்ளிழுக்கச் செய்து மூளைக் கட்டி நோயாளிகளிடம் சோதித்திருக்கிறார்கள். சிலருக்குப் பலன் இருந்ததாகச் சொல்லப்பட்டாலும், முந்தைய காலத்து நோயாளிகளோடு ஒப்பிட்டுச் சொன்ன பலன் அது என்பதால் நான் அதை இன்னும் ஐயத்துக்குரியது என்ற பட்டியலில்தான் வைப்பேன். லிமோனீனே புற்றுநோய் உண்டாக்கும் என்று எதிர்த் திசையிலிருந்து ஒரு செய்தியும் உங்கள் கண்ணில் படலாம். ஆண் எலிகளின் சிறுநீரகத்தில் அது கட்டி உண்டாக்கியது உண்மை. ஆனால் அது ஆண் எலிகளில் மட்டும் ஏராளமாகச் சுரக்கும் ஒரு புரதத்தால் நேர்வது. மனிதர்களுக்கு அந்தப் புரதம் இல்லை. அதனால்தான் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1999இல் லிமோனீனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவதாக வகைப்படுத்த இயலாத மூன்றாம் பிரிவில் வைத்தது. இந்த விஷயத்தில் பயம் வேண்டாம்.

பயம் என்று சொல்லாவிட்டாலும், எச்சரிக்கை வேண்டிய இடம் டான்ஜெரெட்டின். உங்கள் கேள்வியில் 'டாமாக்சிபென்' என்ற சொல்லையும் 'கமலா ஆரஞ்சு' என்ற சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தவுடன் எனக்கு நினைவுக்கு வந்தது பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் பிராக்கேயும் அவருடைய குழுவினரும் செய்து 1999இல் வெளியிட்ட ஓர் ஆய்வு. மார்பகப் புற்றுசெல்களைத் தட்டில் வளர்த்து அவர்கள் சோதித்தபோது, டாமாக்சிபென்னும் டான்ஜெரெட்டினும் தனித்தனியாகச் செல் வளர்ச்சியைக் குறைத்தன. சேர்த்துக் கொடுத்தபோது இன்னும் நன்றாகக் குறைத்தன. இந்த இடத்தில் ஆய்வை நிறுத்தியிருந்தால், மாத்திரையோடு ஆரஞ்சுத் தோலும் சாப்பிடுங்கள் என்ற தலைப்பில் இன்று நூறு காணொளிகள் இருக்கும். அவர்கள் நிறுத்தவில்லை. அதே மனிதப் புற்றுசெல்களை 80 சுண்டெலிகளின் தோலுக்கடியில் செலுத்தி, குடிநீரில் கலந்து சில எலிகளுக்கு டாமாக்சிபென்னும், சிலவற்றுக்கு டான்ஜெரெட்டினும், சிலவற்றுக்கு இரண்டும், சிலவற்றுக்கு எதுவுமில்லாத நீரும் கொடுத்தார்கள். டாமாக்சிபென் மட்டும் குடித்த எலிகளில், எதிர்பார்த்தபடியே கட்டி வளர்ச்சி கட்டுப்பட்டது. இரண்டையும் சேர்த்துக் குடித்த எலிகளில் டாமாக்சிபென்னின் பலன் காணாமலே போனது. டாமாக்சிபென் மட்டும் குடித்தவை இடைநிலைக் கணக்கில் (அதாவது பாதி எலிகள் இறக்க ஆன காலம்) 56 வாரம் உயிரோடு இருந்தன; இரண்டையும் குடித்தவை 14 வாரம். தட்டில் கூட்டாளிகளாக இருந்த இரண்டு பொருள்கள் உயிருள்ள உடம்புக்குள் ஒன்றையொன்று முறியடித்தன. கட்டியைத் தேடி அழிக்கும் நோய் எதிர்ப்பு செல்களின் செயலை டான்ஜெரெட்டின் மட்டுப்படுத்தியதும் அவர்கள் சோதனையில் தெரிந்தது. தட்டில் எதிர்ப்பு செல்கள் இல்லை, உடம்பில் இருக்கின்றன. முரண்பாட்டுக்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

இதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். இது சுண்டெலி, அதுவும் நோய் எதிர்ப்பாற்றலின் ஒரு பகுதி இல்லாமல் வளர்க்கப்பட்ட இனம். கொடுத்தது தூய டான்ஜெரெட்டின். கமலாப் பழம் சாப்பிட்ட பெண்களுக்கு டாமாக்சிபென் பலிக்கவில்லை என்று காட்டிய மனித ஆய்வு எதுவும் இல்லை. ஆகவே 'ஆரஞ்சுத் தோல் டாமாக்சிபென்னைக் கெடுக்கும்' என்று நான் எழுதினால் அதுவும் அந்த வாட்ஸ்அப் செய்தியின் தம்பியாகிவிடும். நான் சொல்வது இவ்வளவுதான்: பலன் நிரூபிக்கப்படாத ஒரு பொடி தராசின் ஒரு தட்டில், அதே மாத்திரையோடு மோதக்கூடும் என்பதற்கு ஒரு விலங்குச் சான்று மறு தட்டில். அந்த மாத்திரையின் பலனோ பல்லாயிரம் பெண்களிடம் அளந்து பார்த்து உறுதியானது. ஹார்மோன் ஏற்பியுள்ள, அதாவது ஹார்மோனின் தூண்டுதலில் வளரும் மார்பகப் புற்றுநோயில் டாமாக்சிபென்னை ஐந்து ஆண்டு சாப்பிட்டவர்களிடையே, முதல் பதினைந்து ஆண்டுகளில் அந்த நோயால் நேரும் இறப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. கையில் இருக்கும் இதைப் பணயம் வைக்க நான் ஒப்பமாட்டேன்.

நீங்கள் பொடி தயாரிக்கும் முறை இதில் நிலைமையை இன்னும் சாதகமில்லாததாக்குகிறது. வெயிலில் நாள் கணக்கில் உலர்த்தும்போது வீடு முழுக்க மணக்கிறதே, அந்த மணம்தான் லிமோனீன். மனிதரிடம் ஓரளவாவது சோதிக்கப்பட்ட பொருள் காற்றோடு போய்க்கொண்டிருக்கிறது. டான்ஜெரெட்டினும் நோபிலெட்டினும் ஆவியாகாதவை. தண்ணீர் வற்ற வற்ற அவை எடைக்கு எடை செறிவாகும். தோலில் நமக்குக் கொஞ்சமாவது சாதகமாக இருந்ததை வெயில் வெளியேற்றிவிட்டு, நாம் ஐயுறுவதைச் சுண்டவைத்துத் தருகிறது. மேலும் நம் கடைகளுக்கு வரும் நாகபுரி ஆரஞ்சும் குடகு ஆரஞ்சும் தாவரவியல்படி கமலா இனமே, அதாவது இந்தச் சேர்மங்கள் மிகுந்த இனம். சாத்துக்குடி வேறு இனம். எலுமிச்சையில் இவை மிகக் குறைவு.

வெள்ளைப் பகுதியில் உள்ள ஹெஸ்பெரிடினைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூல நோய்க்குக் கொடுக்கும் டாஃப்லான் மாத்திரையில் அதுவும் ஒரு பங்கு, ஆகவே அது பழக்கமான பொருள்தான். புற்றுசெல் சோதனைகளில் அதைப் பொதுவாக லிட்டருக்குப் பத்து, ஐம்பது, நூறு மைக்ரோமோல் அளவுகளில் ஊற்றுகிறார்கள். அரை லிட்டர், ஒரு லிட்டர் ஆரஞ்சுச் சாறு குடித்தவர்களின் இரத்தத்தில் அதிகபட்சம் ஒரு மைக்ரோமோலை ஒட்டியே அது தென்படுகிறது, அதுவும் கல்லீரல் உருமாற்றிய வடிவத்தில். பெக்டினிலிருந்து தயாரிக்கும் மாற்றியமைக்கப்பட்ட சிட்ரஸ் பெக்டின் என்ற பொடி, எலிகளில் புரோஸ்டேட் புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவுவதைக் குறைத்தது என்று 1995இல் ஓர் ஆய்வு வந்தது. மனிதரிடம் நடந்தவை சிறிய, ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வுகள். அது ரசாயன முறையில் துண்டாக்கப்பட்ட பொருள் என்பதால், வீட்டுத் தோலைக் கொதிக்கவைத்தால் அது கிடைக்காது.

தோலை உணவாகச் சாப்பிடும் மக்களிடம் என்ன தெரிகிறது என்று நீங்கள் கேட்கலாம். அரிசோனாவில் இமான் ஹக்கீம் குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வில், சிட்ரஸ் தோலைச் சாப்பிடுவதாகச் சொன்னவர்களிடம் செதிள் செல் வகைத் தோல் புற்றுநோய் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. பழத்துக்கும் சாற்றுக்கும் அந்தத் தொடர்பு தெரியவில்லை. இது நோய் வந்தவர்களையும் வராதவர்களையும் பழைய உணவுப் பழக்கத்தைக் கேட்டு ஒப்பிட்ட ஆய்வு. தோலைக்கூட வீணாக்காமல் சாப்பிடுகிறவர் வேறு பல விதங்களிலும் மற்றவரிடமிருந்து மாறுபட்டவராக இருப்பார் என்பதை இத்தகைய ஆய்வு முழுமையாகப் பிரித்தறிய முடியாது. இதற்கு எதிர்ப்பக்கமாக, அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களையும் மருத்துவத் துறையினரையும் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், சிட்ரஸை மிக அதிகமாகச் சாப்பிட்டவர்களிடம் மெலனோமா என்ற மற்றொரு தோல் புற்றுநோய் 36 விழுக்காடு கூடுதலாகக் காணப்பட்டது. வெயிலோடு சேர்ந்தால் தோலைப் பொசுக்கும் ஃபுரானோகூமரின்கள் மேல் ஐயம் விழுந்தது. எலுமிச்சை பிழிந்த கையோடு வெயிலில் நின்றவர்களுக்குக் கறுப்புத் திட்டு விழுவது இதனால்தான். வெளிர்நிறத் தோல் கொண்ட மக்களிடம் கண்ட இந்தத் தொடர்பை நம்மவர்களுக்கு அப்படியே பொருத்தக்கூடாது. ஒரே பழத்தின் பெயரால் இரண்டு திசையிலும் ஆய்வைக் காட்ட முடியும் என்பதற்காகச் சொன்னேன்.

ஃபுரானோகூமரின்களுக்கு இன்னொரு முகமும் உண்டு, அதில் ஐயம் எதுவும் இல்லை. பம்பளிமாஸின் உறவான கிரேப்ஃப்ரூட் பழத்தில் உள்ள இவை, குடற்சுவரில் மருந்துகளை உடைக்கும் நொதி ஒன்றை முடக்கிவிடுகின்றன. மருந்து உடையாமல் இரத்தத்தில் ஏறி, ஒரு மாத்திரை பல மாத்திரைக்குச் சமமாகிவிடக்கூடும். கனடாவில் டேவிட் பெய்லி இதைத் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தார்: ஓர் இரத்த அழுத்த மருந்தோடு மது சேரும்போது என்ன ஆகிறது என்று பார்க்க முயன்று, மதுவின் சுவையை மறைக்கக் கிரேப்ஃப்ரூட் சாற்றைக் கலந்தபோது மருந்தின் அளவு எகிறியது. பம்பளிமாஸும் புளிப்பு ஆரஞ்சும் இதே வேலையைச் செய்யக்கூடியவை. முன்பு சொன்ன பால்போசிக்லிப் உட்படப் பல புற்றுநோய் மாத்திரைகளின் குறிப்பிலேயே கிரேப்ஃப்ரூட் கூடாது என்று அச்சிட்டிருப்பார்கள். பிற்காலத்தில் அம்மாவின் மாத்திரை மாறினால் இதை மறந்துவிடாதீர்கள்.

அந்த 10,000 மடங்குச் செய்தி பல ஆண்டுகளாகப் பல மொழிகளில் சுற்றுவது. ஒப்பிடப்படும் மருந்தின் பெயர் அதில் அட்ரியாமைசின் என்று இருக்கும். எந்தச் செல்லில், எந்த அளவில், யார் அளந்தது என்பதற்கு அதில் விடை இருக்காது. ஏனென்றால் அப்படி ஓர் அளவீடு இல்லை. இயற்கையை மறைத்துச் செயற்கையை விற்கிறார்கள் என்ற அதன் குற்றச்சாட்டு எனக்கு எப்போதும் சிரிப்பை வரவழைக்கும். அட்ரியாமைசின் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து வந்தது; இத்தாலியில் கண்டுபிடித்தவர்கள் அட்ரியாட்டிக் கடலின் பெயரை அதற்கு வைத்தார்கள். குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின் நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வருவது. அதற்காகவே நம் தென்மாவட்டங்களில் அச்செடியைப் பயிரிடுகிறார்கள். நூற்றுக்கணக்கான கிலோ இலையிலிருந்து கிராம் கணக்கில் பிரித்து, மில்லிகிராம் கணக்கில் அளந்து இரத்த நாளத்தில் ஏற்றுகிறார்கள். அந்த இலையைக் கொதிக்கவைத்துக் குழந்தைக்குக் கொடுக்க யாரும் துணியமாட்டார்கள். தோலில் மட்டும் நாம் துணிவதற்குக் காரணம், அது நாம் தின்னும் பழத்தின் தோல் என்ற உறவுதான். உணவில் இருக்கும் பொருளைச் செறிவாக்கிக் கொடுத்தால் நல்லதே நடக்கும் என்ற எண்ணத்துக்குப் பின்லாந்தில் 1994இல் பெரிய அடி விழுந்தது: 29,000 புகைபிடிப்பவர்களைச் சேர்த்து, நுரையீரல் புற்றுநோயைத் தடுக்குமென்று அவர்களில் ஒரு பாதிக்குக் காரட்டில் உள்ள பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்தார்கள், அந்தப் பாதியினரிடம் நோய் 18 விழுக்காடு கூடியது.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை. பொடியை நிறுத்திவிடுங்கள். பத்து நாள் கொடுத்துவிட்டோமே என்று கலங்க வேண்டாம்; ஒரு தேக்கரண்டி வீதம் பத்து நாளில் டாமாக்சிபென் போன்ற ஆண்டுக்கணக்கான சிகிச்சைக்குக் கேடு வந்துவிடும் என்று நினைக்க எந்தச் சான்றும் இல்லை. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது பொடி இருந்த டப்பாவையே எடுத்துச் சென்று காட்டுங்கள். அதோடு நெருஞ்சி, மஞ்சளால் செய்த மாத்திரை, கஷாயம் என்று வேறு எதைக் கொடுத்திருந்தாலும் சொல்லிவிடுங்கள். திட்டுவார் என்று மறைப்பவர்கள்தான் அதிகம், அவருக்குத் தேவையான தகவலும் அதுவே. டாமாக்சிபென்னை ஒரு நாளும் விடாமல், வழக்கமான நேரத்தில் கொடுங்கள். கமலாப் பழத்தின் சுளைகளைச் சாப்பிடுவதில் தவறில்லை. உப்பில் ஊறிய நாரத்தங்காய்த் துண்டு ஒன்றைத் தயிர்ச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதும், சாதத்தில் எலுமிச்சை பிழிவதும் உணவின் அளவு. நான் இங்கே எச்சரிப்பது தோலைச் செறிவாக்கி நாள்தோறும் மருந்தாகக் கொடுப்பதைப் பற்றி மட்டும்தான். மீதமுள்ள பொடியை எறிய மனம் வராவிட்டால் அதை அம்மா குளிக்கும்போது தேய்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள். கதிர்வீச்சு பட்ட மார்புத் தோல் ஆறும் வரை, அந்தப் பக்கத்தில் அதையும் தேய்க்க வேண்டாம்.